லீவைக் கொடுப்பதும் கேட்பதும்: அமெரிக்க அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆனதும் ஹெச்.ஆர். எனப்படும் மனிதவளத் துறையிடமிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் வரும்: "நம்முடன் பணிபுரியும் ஒருவருக்கு மருத்துவ நெருக்கடி ஏற்பட்டுள்ளது. அவருடைய விடுப்பு தீர்ந்துவிட்டது. விருப்பமுள்ளவர்கள் தங்கள் விடுப்பு நேரத்தை வழங்கலாம்." கீழே ஒரு படிவத்துக்கு இணைப்பு இருக்கும். அந்த ஒருவரின் பெயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம் ஆட்கள் பலர் இதை ஏதோ வசூல் நோட்டீஸ் என்று நினைத்து மூடிவிடுவார்கள். நம் ஊர் அலுவலகத்தில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கவரில் வைத்துக் கொடுத்துத்தான் பழக்கம். லீவைக் கொடுக்கலாம் என்பதே பலருக்கு இங்கே வந்துதான் தெரியும்.

இது ஏன் தேவைப்படுகிறது? தனியார் கம்பெனிகள் சம்பளத்தோடு ஒரு நாளாவது லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் பொதுவான கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் கிடையாது. சில மாநிலங்கள் மட்டும் சிக் லீவு போன்றவற்றுக்குத் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. 1993-இல் வந்த எஃப்.எம்.எல்.ஏ. என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் வருடத்துக்கு 12 வாரம் தருகிறது. அந்த 12 வாரமும் வேலை பத்திரம், மருத்துவக் காப்பீடும் தொடரும். சம்பளம் மட்டும் வராது. ஆக, கையிலிருக்கும் லீவு தீர்ந்த மறுநாள் வேலை இருக்கும், வருமானம் இருக்காது. அந்தப் பள்ளத்தைச் சக ஊழியர்கள் தங்கள் லீவைப் போட்டு நிரப்புவதுதான் லீவ் டொனேஷன்.

கொடுப்பது சுலபம், பத்து நிமிட வேலை. கேட்பதுதான் கஷ்டம். அதுவும் நம்மவர்கள் கேட்கவே மாட்டார்கள். அதனால் கேட்கும் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதப்போகிறேன்.

படி 1: உங்கள் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இதை அவசரம் வருவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். ஊழியர் கையேட்டைத் திறந்து தேடினால் போதும். ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள் என்பதுதான் சிக்கல். லீவ் டொனேஷன், லீவ் ஷேரிங், லீவ் டிரான்ஸ்ஃபர், கேட்டஸ்ட்ராஃபிக் லீவ், சிக் லீவ் பூல் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். கலிஃபோர்னியா மாநில அரசு ஊழியர்களிடையே கேட்டஸ்ட்ராஃபிக் லீவ் என்ற பெயர்தான் புழக்கம். டெக்சாஸ் மாநில அரசு அலுவலகங்களில் சிக் லீவ் பூல் என்பார்கள்.

அமைப்பு பெரும்பாலும் இரண்டு மாதிரி. ஒன்று, இன்னாருக்கு என்று குறிப்பிட்டுக் கொடுப்பது. இன்னொன்று, எல்லோரும் பொதுவான ஒரு கணக்கில் போட்டு வைப்பது. தேவைப்படுபவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வார். டெக்சாஸ் பூலில் ஒருவர் ஒரு நெருக்கடிக்கு எடுக்கக்கூடியது அதிகபட்சம் 90 நாள், அல்லது பூலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. இரண்டு மாதிரியும் உள்ள இடங்களும் உண்டு. என்னைக் கேட்டால் பொதுக் கணக்குதான் நல்லது. ஆள் பார்த்துக் கொடுக்கும் முறையில், கேன்டீனில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுபவருக்கு மணிநேரம் குவியும். வந்தோமா வேலையைப் பார்த்தோமா என்று இருப்பவருக்கு நோய் அதே நோய்தான், வருவதோ சொற்பம்.

மூன்று பேர் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

கன்சல்டன்சி வழியாகக் கிளையன்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலாவது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு இந்த வசதி இருக்கும், உங்களுக்கு இருக்காது. உங்கள் லீவுக் கணக்கு சம்பளம் போடும் கன்சல்டன்சியிடம் இருக்கிறது. கிளையன்டின் திட்டத்தில் நீங்கள் கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. கேட்பதாக இருந்தால் கன்சல்டன்சி ஹெச்.ஆரைத்தான் கேட்க வேண்டும்.

"அன்லிமிடெட் பி.டி.ஓ.", அதாவது வரம்பில்லாத சம்பள விடுப்பு தரும் கம்பெனியில் இருப்பவர்கள் அடுத்து. கேட்க ஜோராக இருக்கும். ஆனால் கணக்கில் மணிநேரமே சேராததால் கொடுப்பதற்கும் ஒன்றும் இருக்காது. அங்கே நீண்ட மருத்துவ விடுப்புக்கு என்ன விதி என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, எதுவுமே இல்லாத கம்பெனிக்காரர்கள். தனியார் துறையில் இது கம்பெனியின் விருப்பம், கட்டாயமில்லை. நீங்களும் நண்பரும் பேசிவைத்துக்கொண்டு உங்கள் இரண்டு நாளை அவருக்கு மாற்றச் சொன்னால் சம்பளக் கணக்குப் பார்க்கும் பேரோல் ஆள் கையை விரித்துவிடுவார். எழுத்தில் ஒரு திட்டம் இல்லாமல் செய்தால் வரிச் சிக்கல் வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

படி 2: கொடுப்பது

கூட்டாட்சி அரசு தன் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் லீவு மாற்றுத் திட்டத்தின் விதிகளை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். 1988-இல் சட்டமாகி 1993-இல் நிரந்தரமான திட்டம் இது. விதிகள் வெளிப்படையாக இருக்கின்றன. உங்கள் இடத்தில் எண்கள் மாறலாம், கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

முதல் கேள்வி, எந்த லீவைக் கொடுக்கலாம்? கூட்டாட்சி அரசில் ஆண்டு விடுப்பை மட்டும்தான் கொடுக்க முடியும், சிக் லீவைக் கொடுக்க முடியாது. டெக்சாஸ் பூலில் நேர்மாறாக சிக் லீவுதான் போகும்.

அடுத்து, எவ்வளவு? கூட்டாட்சி ஊழியருக்கு இரண்டு வாரச் சம்பளக் காலத்துக்கு ஒருமுறை ஆண்டு விடுப்பு சேரும். முதல் மூன்று வருடம் 4 மணிநேரம்; வருடத்துக்கு 104. மூன்று முதல் பதினைந்து வருட சர்வீஸுக்கு வருடம் 160. அதற்கு மேல் 208. ஒரு வருடத்தில் சேரும் அளவில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது பொது விதி. அதாவது புதிதாகச் சேர்ந்தவர் 52 மணிநேரம் வரை கொடுக்கலாம். இவ்வளவு கொடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். புதிதாக வந்தவருக்கு ஊரில் அப்பா அம்மா இருப்பார்கள். திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் போக வர பயணத்துக்கே நாலு நாள் போய்விடும். முதலில் அதற்கு எடுத்து வையுங்கள். மிச்சத்தில் 4 மணிநேரம் கொடுத்தாலும் கொடுத்ததுதான். இருபது பேர் நாலு நாலு மணிநேரம் கொடுத்தால் ஒருவருக்கு இரண்டு வாரச் சம்பளம்.

டிசம்பரில் கணக்கு வேறு. பெரும்பாலான கூட்டாட்சி ஊழியர்கள் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகக்கூடியது 240 மணிநேரம்தான், அதற்கு மேலிருப்பது காலாவதி. வீணாய்ப் போவதைக் கொடுப்போமே என்று கடைசி வாரத்தில் படிவத்தைத் தேடுபவர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு: காலாவதியாகப் போகும் லீவைக் கொடுக்கும்போது, அந்த விடுப்பு ஆண்டில் நீங்கள் வேலை பார்க்க இன்னும் எத்தனை மணிநேரம் மிச்சமிருக்கிறதோ அதற்கு மேல் கொடுக்க முடியாது. இரண்டு நாள் வேலைதான் பாக்கி என்றால் 16 மணிநேரம்தான். அதனால் நவம்பரிலேயே பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) எடுத்துப் பாருங்கள்.

இனி, கொடுத்தது எப்படி மாறுகிறது? அரசில் மணிக்கு மணி. உயர் அதிகாரி கொடுத்த எட்டு மணிநேரமும் எழுத்தர் கணக்கில் எட்டு மணிநேரம்தான். சில தனியார் கம்பெனிகள் பணமாக்கிக் கணக்குப் பார்க்கும். மணிக்கு 60 டாலர் வாங்குபவர் 8 மணிநேரம் கொடுத்தால் அது 480 டாலர். வாங்குபவரின் சம்பளம் மணிக்கு 20 டாலர் என்றால் அவர் கணக்கில் 24 மணிநேரம் ஏறும். உங்கள் ஒரு நாள், காவலாளிக்கோ சமையலறை ஊழியருக்கோ மூன்று நாள்! திருப்பிப் பார்த்தால், குறைந்த சம்பளக்காரர் மேலதிகாரிக்குக் கொடுக்கும் ஒரு நாள் சில மணிநேரமாகச் சுருங்கிவிடும்.

மேலதிகாரி என்றதும் ஞாபகம் வருகிறது. கூட்டாட்சி அரசில் உங்கள் நேரடி மேலதிகாரிக்கு நீங்கள் லீவு கொடுக்கவே முடியாது. கொடுக்கச் சொல்லி யாரும் யாரையும் மிரட்டவோ வற்புறுத்தவோ கூடாது என்றும் விதியில் தனியாகவே இருக்கிறது. தனியார் கம்பெனியில் இப்படி எழுதியிருக்காமல் போகலாம். மேனேஜர் உங்கள் மேசைக்கு வந்து "நீ எவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "ஹெச்.ஆரிடம் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கடைசியாக வரி. வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். 1990-இல் கொடுத்த ஒரு விளக்கம் இன்றும் செல்லும். மருத்துவ நெருக்கடிக்காக எழுத்தில் முறையான திட்டம் இருந்து அதன் வழியே கொடுத்தால், கொடுத்தவருக்கு வரி இல்லை. வாங்கியவருக்கு அது சம்பளம். வழக்கமான பிடித்தம் எல்லாம் உண்டு. கொடுத்தவர் அதைத் தர்மக் கணக்கில் காட்டிக் கழிவு கேட்க முடியாது. பெரும் பேரிடர்களுக்கு 2006-இல் இதே போன்ற விளக்கம் வந்தது. இந்த வரம்புக்கு வெளியே போனால், உதாரணத்துக்குக் கல்யாணச் செலவுக்கோ வீடு மாறவோ லீவைக் கைமாற்றினால், கொடுத்தவர் தலையிலேயே வரி விழும் அபாயம் இருக்கிறது. பேரோல் ஆள் கையை விரிப்பார் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

படிவத்தைப் பொறுத்தவரை, கூட்டாட்சி அரசில் உங்கள் துறைக்குள்ளேயே கொடுக்க, ஓ.பி.எம். என்ற பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் 630-ஏ படிவம், வேறு துறையில் இருப்பவருக்குக் கொடுக்க 630-பி. பெயர், மணிநேரம், கையெழுத்து, அவ்வளவுதான்.

படி 3: கேட்பது

லீவு முழுக்கத் தீர்ந்து, ஒரு சம்பளம் வராமல் போய், அப்புறம்தான் பலர் ஹெச்.ஆர். பக்கம் தலைகாட்டுகிறார்கள். அப்படி விடாதீர்கள். டாக்டர் "சில மாதங்கள் ஆகும்" என்று சொன்ன வாரத்திலேயே காகித வேலையைத் தொடங்குங்கள். கூட்டாட்சி அரசில் லீவு தீரும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. முழுநேர ஊழியருக்குச் சம்பள லீவு இல்லாமல் குறைந்தது 24 மணிநேரம் வேலைக்கு வர முடியாமல் போகும் என்று எதிர்பார்த்தாலே விண்ணப்பிக்கலாம். முடிவை 10 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி.

எந்த வரிசையில் கேட்பது என்பதும் முக்கியம்.

முதலில் எஃப்.எம்.எல்.ஏ. விடுப்பு கேளுங்கள், ஏனென்றால் வேலையைக் காப்பது அதுதான். நீங்கள் அங்கே 12 மாதமாவது இருந்திருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் 1,250 மணிநேரம் வேலை பார்த்திருக்க வேண்டும், 75 மைல் சுற்றளவில் கம்பெனிக்கு 50 ஊழியர்களாவது இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுவார்கள். அவர்கள் மாநிலச் சட்டத்தையும் கம்பெனியின் சொந்த விதியையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது மாநில அரசின் குடும்ப விடுப்புக் காப்பீடு. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் உண்டு. கலிஃபோர்னியாவில் நோயுற்ற குடும்பத்தினரைப் பார்த்துக்கொள்ள எட்டு வாரம் வரை சம்பளத்தின் ஒரு பங்கு கிடைக்கும். இதற்கான பணம் உங்கள் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டிருக்கும், கூச்சப்பட வேண்டியதில்லை. நோயாளி நீங்களே என்றால் கம்பெனியின் ஷார்ட் டேர்ம் டிஸபிலிட்டி (வேலை செய்ய முடியாத குறுகிய காலத்துக்கான காப்பீடு) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவற்றோடு சேர்த்தே லீவ் டொனேஷன் விண்ணப்பம். கூட்டாட்சி அரசில் ஓ.பி.எம். 630 படிவம். நோயின் தன்மை, தீவிரம், எவ்வளவு காலம் ஆகும், இந்த மூன்றும் அதில் வர வேண்டும். டாக்டர் சான்றிதழ் கேட்கலாம். நோயாளியால் எழுத முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவர் எழுதலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஐ.சி.யூ.வில் இருப்பவர் எங்கே படிவம் நிரப்பப் போகிறார்? நண்பர்களில் ஒருவர்தான் செய்ய வேண்டியிருக்கும்.

நோயாளி மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் டாக்டர் கடிதத்தில்தான் இழுபறி. நம் ஊர் ஆஸ்பத்திரி கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன வியாதி, என்ன மருந்து என்பது இருக்கும்; இன்னும் எத்தனை வாரம் கூட ஆள் வேண்டும் என்பது இருக்காது. இங்கே ஹெச்.ஆர். பார்ப்பது அந்த வரியைத்தான். அதனால் ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், டாக்டரின் பதிவு எண்ணோடு தனியாக ஒரு கடிதம் வாங்குங்கள். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பராமரிப்பு தேவைப்படும் என்பவை அதில் இருக்கட்டும். வார்டு ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் நகர்வதற்குள் இதைக் கேட்டு வாங்க ஊரில் விவரமான ஒருவரை அமர்த்துங்கள். அப்பாவின் பெயர் உங்கள் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் ஆஸ்பத்திரி பதிவேட்டில் இனிஷியலோடு வேறு மாதிரியும் இருந்தால் அதையும் முன்கூட்டியே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

யாரெல்லாம் குடும்பம் என்பதிலும் திட்டத்துக்குத் திட்டம் வேறுபாடு உண்டு. எஃப்.எம்.எல்.ஏ.வில் கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மட்டும். மாமனார் மாமியார் வரமாட்டார்கள், கூடப் பிறந்தவர்களும் வரமாட்டார்கள். கூட்டாட்சி லீவு மாற்றுத் திட்டம் இதைவிடத் தாராளமானது. மாமனார் மாமியார், சகோதரர்கள், தாத்தா பாட்டி எல்லோரும் உண்டு. அதோடு, ரத்த உறவாலோ திருமண உறவாலோ குடும்பத்தினருக்கு இணையான நெருக்கம் உள்ள எவரும் சேர்த்தி. உங்களை வளர்த்த பெரியம்மாவோ சித்தப்பாவோ அதில் அடங்குவார்கள். உறவை ஒரு பத்தியில் எழுதிக் கொடுங்கள். "பெரியம்மா" என்றால் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

பிரசவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டாட்சித் திட்டத்தில் தாயின் உடல் தேறும் காலத்துக்கு இந்த லீவு செல்லும். ஆரோக்கியமான குழந்தையோடு வீட்டில் இருப்பதற்குச் செல்லாது. அதற்குத் தனி விடுப்பு இருக்கிறது.

எல்லோருக்கும் போகும் அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் எழுதுவார். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இப்படி இருந்தால் போதும்:

"எங்கள் குழுவில் பணிபுரியும் ஒருவர், குடும்பத்தில் ஏற்பட்ட கடும் நோய் காரணமாக ஏப்ரல் முதல் ஏறத்தாழ மூன்று மாதம் பணிக்கு வர இயலாத நிலையில் இருக்கிறார். அவருடைய விடுப்பு இம்மாத இறுதியில் தீர்ந்துவிடும். விடுப்பு வழங்க விரும்புவோர் ஹெச்.ஆரைத் தொடர்புகொள்ளவும். வழங்குவோர் பெயர் வெளியிடப்படாது."

பெயர் போடலாமா என்பது உங்கள் விருப்பம். பெயர் இருந்தால் அதிகம் வரும் என்பது உண்மைதான். ஆனாலும் புற்றுநோய் என்று அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டால், திரும்பி வந்தபின் லிஃப்டில் பார்ப்பவரெல்லாம் விசாரிப்பார்கள். அதைத் தாங்க முடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

"நாலு பேர்கிட்ட கை நீட்டுற மாதிரி இருக்கே" என்று தயங்குபவர்களுக்கு ஒரு சேதி. பிரான்ஸில் பதோவா தண்ணீர் ஆலையில் வேலை பார்த்த ஒருவருக்கு 2009-இல் சக தொழிலாளர்கள் 170 நாள் லீவு கொடுத்தார்கள். கல்லீரல் புற்றுநோயால் அவதிப்பட்ட மகன் மத்தீஸுடன் கடைசிவரை இருக்க அது உதவியது. பையன் அந்த வருடக் கடைசி நாளில் இறந்துபோனான். பெற்றோர் விடாமல் போராடி, 2014 மே மாதம் அது நாடு முழுமைக்கும் சட்டமானது. மத்தீஸ் சட்டம் என்றுதான் அதைச் சொல்கிறார்கள். வாங்கிய குடும்பமே எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று நின்ற கதை இது.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நோயுற்ற உறவினரைப் பார்த்துக்கொள்வது போன்ற சொந்தக் காரணத்துக்காக நீங்களே கேட்டு எடுக்கும் விடுப்புக்குக் கம்பெனி சம்பளம் தர வேண்டியதில்லை. அது வேலையிலிருந்து நிறுத்திய கணக்கிலும் வராது. ஆனால் நீங்கள் கேட்டதும் அவர்கள் ஒப்புக்கொண்டதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாக மேனேஜர் "போயிட்டு வா" என்று சொன்னது காணாது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் பாஸ்போர்ட்டில் விசா முத்திரையின் தேதியைப் பார்த்துவிட்டு, கம்பெனியின் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 4: லீவு வர ஆரம்பித்த பிறகு

முதலில் உங்கள் சொந்த லீவு தீர வேண்டும், அப்புறம்தான் நன்கொடை லீவு கழியும். இடையில் சில நாள் சம்பளம் இல்லாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம். கூட்டாட்சி அரசில் நெருக்கடி தொடங்கிய தேதியிலிருந்து கணக்கிட்டு, சம்பளமில்லாமல் போன நாட்களுக்கும் பின்னோக்கிப் பொருத்தலாம். விண்ணப்பத்தில் தொடக்கத் தேதியைச் சரியாகப் போடுவது அதற்காகத்தான்.

மருத்துவக் காப்பீட்டுக்கான உங்கள் பங்கை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. சம்பளம் வரும் வாரங்களில் தானாகப் பிடித்துக்கொள்வார்கள். வராத வாரங்களுக்கு நீங்கள் தனியாகக் கட்ட வேண்டி வரும். எப்படி, எந்தத் தேதிக்குள் என்று பேரோலில் கேட்டு எழுதி வாங்குங்கள். நோய்க்காலத்தில் காப்பீடு அறுந்தால் அதைவிடப் பெரிய தலைவலி இருக்காது.

கூட்டாட்சித் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு: நன்கொடை லீவில் இருக்கும்போதும் உங்களுக்குப் புது லீவு சேரும். அதைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பார்கள், ஆண்டு விடுப்பு 40 மணிநேரம், சிக் லீவு 40 மணிநேரம் வரை. நெருக்கடி முடிந்ததும் அது உங்களுக்கு வந்துவிடும். திரும்பி வேலைக்கு வரும் ஆள் வெறுங்கையோடு நிற்கக் கூடாதே! செக்கப், பிசியோதெரபி என்று போக அது உதவும். உங்கள் கம்பெனியில் இப்படி இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 5: முடிக்கும்போது

நெருக்கடி முடிந்துவிட்டால், நோயாளி தேறினாலும் இறந்தாலும், ஹெச்.ஆருக்குச் சொல்லிவிட வேண்டும். மிஞ்சிய மணிநேரத்தை நீங்கள் வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. கூட்டாட்சி அரசில் அது கொடுத்தவர்களுக்கே அவரவர் பங்கு விகிதப்படி திரும்பிப் போகும். கொடுத்தவர் அதை அந்த வருடக் கணக்கிலோ அடுத்த வருடக் கணக்கிலோ ஏற்றிக்கொள்ளலாம், அல்லது வேறொருவருக்குக் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்தவராக இருந்து, மாதங்கள் கழித்துப் பே ஸ்டப்பில் லீவு திடீரென்று ஏறியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கொடுத்தவர்கள் பட்டியலை ஹெச்.ஆர். உங்களிடம் தராமல் போகலாம். நீங்களும் துருவ வேண்டாம். ஒரு நன்றிக் கடிதம் எழுதி அவர்களிடம் கொடுத்தால் உரியவர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். கேக், பரிசு அட்டை என்று எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். டெக்சாஸ் மாநில அரசு ஊழியர்களில் சிக் லீவு கொடுப்பவர் பதிலுக்குப் பணமோ பரிசோ வாங்கக் கூடாது என்பது சட்டம்.